நான்கு கம்பியிலிருந்து ஐந்து கம்பி பேஸுக்கு: பி கம்பியை முதலில் அடக்குங்கள்

குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் ஆலயத் திருவிழாக்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒத்திகை முழுக்க ஈ-யில் பாடியவர் மேடையேறியதும், "தொண்டை சரியில்லை அண்ணா, ஈ ஃபிளாட்டில் போங்கள்" என்பார். கீபோர்டுக்காரருக்கு, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வேலை முடிந்தது. நான்கு கம்பி பேஸில் (ஈ, ஏ, டி, ஜி) ஈ-தான் அடிமட்டம். ஈ ஃபிளாட் வேண்டுமென்றால் ஏ கம்பியில் ஆறாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஏற வேண்டும். பாட்டின் கனம் அங்கேயே போய்விடும். ஐந்து கம்பியில் அதே சுரம், ஈ-க்கும் கீழே கூடுதலாக இருக்கும் பி கம்பியின் நான்காவது ஃபிரெட்டில், தணிந்த ஸ்தாயியில் கிடைக்கிறது. டி மூன்றாவதில், சி முதலாவதில்.

நான்கு கம்பியில் கை பழகியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்கேல், ஆக்டேவ் பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை.

படி 1: கருவியைச் சரிசெய்தல்

பி கம்பி பெரும்பாலும் 0.130 அங்குலத் தடிமன் இருக்கும். ஈ கம்பியைவிடத் தளர்வாகவும் இருக்கும். ஆக்‌ஷனை (ஃபிரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரத்தை) மிகவும் இறக்கினால் ஃபிரெட்டில் மோதிக் கரகரக்கும். மற்ற நான்கையும் உங்கள் வழக்கமான உயரத்தில் வைத்துக்கொண்டு பி-யை மட்டும் சற்றே உயர்த்துங்கள். இன்டோனேஷனையும் (கழுத்து நெடுகச் சுருதி சரியாக இருக்கிறதா என்று) பாருங்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி வாசித்த சுரம், அதே இடத்தில் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் கம்பியின் அடிமுனையைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் கருத்து: 35 அங்குல ஸ்கேலைத் (இங்கே கம்பி அதிரும் நீளம்) தேடி அலைய வேண்டாம், நன்றாகச் செய்த 34 அங்குலமே போதும். கம்பிகளுக்கு இடையேயான அகலத்தைத்தான் கவனிக்க வேண்டும். நான்கு கம்பியில் பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) அருகே 19 மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பழகிய விரல், ஐபனெஸ் எஸ்ஆர்305 என்ற ஐந்து கம்பி மாடலின் 16.5 மில்லிமீட்டரில் முதலில் தடுமாறும். விரலால் மட்டும் வாசிக்கிறவர்களுக்கு அது சீக்கிரம் பழகிவிடும். கட்டைவிரலால் தட்டி ஸ்லாப் அடிக்கிறவர்கள் அகலமானதையே வாங்குங்கள்.

(ஐந்தாவது கம்பி என்றாலே தணிந்த ஒரு பி என்பது ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கம் அல்ல. 1965-இல் ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் ஃபைவ் கருவியில் கூடுதலாக இருந்தது உயர்ந்த சுரத்தில் ஒரு சி கம்பி.)

படி 2: வார்

வாரை இரண்டு துளை ஏற்றுங்கள். கழுத்து அகலம் என்பதால், தொடை வரை தொங்கவிட்டால் பி கம்பியைப் பிடிக்க இடது மணிக்கட்டு மடங்கும், வலிக்கும். இடது கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நடுவில் இருக்கட்டும். மேலே எட்டிப் பார்க்க வேண்டாம்.

படி 3: பி-யை ஊமையாக்குதல்

என்னை அதிக நாள் கட்டிப்போட்ட இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். மீட்டும் விரலைத் தவிர வலது கை எந்தக் கம்பியையும் தொடாமல் இருக்க, ஏ கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டை அழுத்தி ஒரே ஒரு முறை மீட்டுங்கள். பிறகு இடது விரலால் அந்த ஒலியை நிறுத்துங்கள். ஒலி நிற்காது. யாரும் தொடாத பி கம்பி தானாக முனகிக்கொண்டிருக்கும். பி-யின் அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். நீங்கள் வாசித்த சுரம் அதன் இருமடங்கான 62. டி கம்பியின் நான்காவது ஃபிரெட் ஏறக்குறைய மும்மடங்கு, ஜி கம்பியின் நான்காவது ஃபிரெட் நான்மடங்கு. இவற்றில் எதைத் தொட்டாலும் பி விழித்துக்கொள்ளும். வீட்டில் சின்ன ஆம்பில் இது காதில் விழாது. பந்தலில் பெரிய சப்-வூஃபர் வைத்தால், சவுண்ட் போர்டில் இருக்கும் சேட்டன் உங்களைத்தான் முறைப்பார்.

நான்கு கம்பிக்காரர்கள் பெரும்பாலும் வலது கட்டைவிரலைப் பிக்கப்பின் (கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் பகுதி) மேல் ஊன்றி, அசைக்காமல் வாசிக்கிறோம். இனி அந்த விரல் ஓரிடத்தில் நிற்காது. பி-யை வாசிக்கும்போது மட்டும் பிக்கப்பில் ஊன்றுங்கள். ஈ-க்கு வந்தால் கட்டைவிரல் பி-யின் மேல் உட்கார வேண்டும். ஏ-க்குப் போனால் ஈ-க்கு இறங்கி, பக்கவாட்டில் பி-யைத் தொட்டபடி சாய வேண்டும். டி வாசிக்கும்போதும் அங்கேயே இருக்கட்டும். மீட்டிய விரல் ஏ கம்பியில் வந்து ஓய்வதால் அதுவும் அடங்கிவிடும். ஜி-க்குப் போகும்போது கட்டைவிரல் ஏ வரை இறங்கி, பி, ஈ, ஏ மூன்றின் மேலும் படுத்துக்கொள்ளும்.

படிக்கும்போது சிக்கலாகத் தெரியும். கையில் செய்து பார்த்தால், கட்டைவிரல் மற்ற விரல்களுக்குப் பின்னால் கன்றுக்குட்டிபோல வருகிறது, அவ்வளவுதான். தாளம் தட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒவ்வொரு கம்பியிலும் நான்கு அடி, பி-யிலிருந்து ஜி வரை போய்த் திரும்புங்கள். இடது கை எதையும் அழுத்த வேண்டாம். ஹெட்ஃபோனில் கேட்டுச் செய்யுங்கள். எட்டு அங்குல ஸ்பீக்கர் உங்களை ஏமாற்றும். கம்பி மாறும்போது முனகல் துளியும் கேட்காத வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

படி 4: கண்ணை ஏமாற்றாமல் கையைப் பழக்குதல்

குனிந்து பார்க்கும்போது மேலே இருக்கும் தடித்த கம்பியை ஈ என்றே மூளை நினைக்கும். விரல் அங்கே போய் ஜி என்று அழுத்தினால் டி கேட்கும். இதற்கு மருந்து, ஐந்தாவது ஃபிரெட்டில் குடியிருப்பது. பி-யின் ஐந்தாவது ஃபிரெட்டும் திறந்த ஈ-யும் ஒரே சுரம். அங்கிருந்து ஈ மேஜரை வாசியுங்கள் (எண்கள் ஃபிரெட்டைக் குறிக்கும்): பி-யில் 5, 7, ஈ-யில் 4, 5, 7, ஏ-யில் 4, 6, 7. உங்களுக்குத் தெரிந்த அதே வடிவம்தான், ஒரு கம்பி தள்ளியிருக்கிறது. கையை நகர்த்தாமல் ஒரே இடத்திலிருந்து பாட்டை முடிக்க முடிகிறது. தணிந்த சுரங்களைவிட எனக்கு அதிகம் உதவியது இந்தச் சௌகரியம்தான்.

பி-யை ஓங்கி அடிக்காதீர்கள். தளர்வான கம்பி என்பதால் அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். பிரிட்ஜ் பக்கமாகக் கையை நகர்த்தி மெதுவாக மீட்டினால் தெளிவாக வரும். தணிந்த டி-யைப் பாட்டு முழுக்கத் தட்டிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கடைசிப் பல்லவியில் ஒருமுறை இறக்குங்கள், சபையே நிமிர்ந்து பார்க்கும்.

பிற்சேர்க்கை

மொபைல் டியூனர் பி-யைக் கண்டுகொள்ளவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். கிளிப் டியூனர்களும் அப்படித்தான் திணறும். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து ஹார்மோனிக்கை ஒலிக்கவிட்டுச் சுருதி சேருங்கள். முள் நிலையாக நிற்கும். மேடைக்கு பெடல் டியூனரைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

குளச்சல், தூத்தூர் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிக் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஐந்து கம்பி செட் விலை அதிகம் என்பதால் பூச்சு போட்ட கம்பியே கடைசியில் மலிவு.

பழைய நான்கு கம்பியை விற்றுவிடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஆனால் கட்டைவிரல் தானாக நகரத் தொடங்கும் வரை அதைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.