பல் கூச்சம் அடங்கிய கதை

ஐஸ் தண்ணீர்கூட வேண்டாம், பானைத் தண்ணீர் பட்டாலே மேல்வரிசையில் இடப்பக்கப் பல் ஒன்று சுரீரென்றது. சொத்தை என்றுதான் நினைத்தேன். பல் மருத்துவர் கண்ணாடியைக் கையில் கொடுத்து ஈறோரத்தைக் காட்டினார். நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு பள்ளம். ஈறு மேலேறி வேர் வெளியே தெரிந்தது. குற்றவாளி என் கைதான். கெட்டி நார் பிரஷ்ஷால், அடிப்பிடித்த பாத்திரம் தேய்ப்பது போலக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தேன்.

சரி என்று மென்மையான நார் பிரஷ் வாங்கினேன். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் பேனா மாதிரி விரல் நுனியில் பிடித்தேன். அழுத்தம் தானாகக் குறைந்தது. ஈறும் பல்லும் சேருமிடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன வட்டங்களாக 2 நிமிடம். முதல் வாரம் பல் தேய்த்த திருப்தியே இல்லை. பேஸ்ட்டைத் துப்பியதும் வாய் கொப்பளிப்பதையும் விட்டேன், ஃப்ளோரைடு பல்லிலேயே தங்கட்டும் என்று. ஒன்றரை மாதத்தில் கூச்சம் அடங்கியது. பள்ளம் ஆறவில்லை, அதை மருத்துவர்தான் அடைத்தார்.

அப்புறம்தான் 4 வயது மகளைக் கவனித்தேன். விளம்பரத்தில் வருவது போலப் பிரஷ் நீளத்துக்கும் பேஸ்ட். அவள் வயதுக்குப் பட்டாணி அளவு போதும். ராத்திரி பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவாள். இப்போது பாலுக்குப் பிறகு மடியில் சாய்த்து நானே தேய்த்துவிடுகிறேன். ஒரு நிபந்தனை: முதலில் அவள் எனக்குத் தேய்ப்பாள். சட்டையெல்லாம் நுரை.