என் கணக்கில் தமிழ், தங்கச்சி கணக்கில் கிறுக்கல்

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் ஒரேயொரு கம்பியூட்டர். அதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஆளுக்கொரு கணக்கு திறந்திருந்தோம். பழைய சங்கக் கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட் குறியீடு வந்து இத்தனை வருஷமாகியும் பாமினி எங்களை விடுவதாயில்லை. என் கணக்கில் கடிதம் அழகாகத் திறக்கும். தங்கச்சி திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும்.

கடிதம் திறக்கும் லிப்ரே ஆபிஸ் மென்பொருள்தான் கெட்டுவிட்டதென்று அதை இரண்டு தடவை அழித்து மறுபடி போட்டேன். வீண் வேலை. பிழை என்னுடையது. எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து நிறுவியதால், அது என் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறைக்கு மட்டும் போயிருக்கிறது. அடுத்தவர் கணக்கில், எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபொன்ட்கொன்ஃபிக் அந்த இடத்தைப் பார்க்காது. பாமினி கிடைக்காததால் வேறொரு எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. பாமினியிலோ தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன; அதனால்தான் அந்தக் கிறுக்கல்.

சரி என்று, நிர்வாகி உரிமையோடு கோப்பை யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், ஃபொன்ட்ஸ் என்ற பொதுக் கோப்புறைக்கு நகலெடுத்தேன். அப்போதும் வரவில்லை! பார்த்தால், கோப்பை வாசிக்கும் அனுமதி உரிமையாளருக்கு மட்டும். அதை எல்லோரும் வாசிக்கக்கூடிய 644 ஆக்கி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டினேன். அப்புறம் லிப்ரே ஆபிஸை முழுதாக மூடித் திறந்ததும் தங்கச்சிக்கும் தமிழ் வந்தது.