புகையும் சர்க்கரை நோயாளியின் கண்ணும்: எரிச்சலை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

காற்று கெட்டுப்போன நாட்களில் கண் எரிகிறது, சிவக்கிறது, தண்ணீர் வடிகிறது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்தால் சரியாகிவிடுகிறது. புகையால் வந்த தொல்லை அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் செய்யும் மற்ற தவறுகளெல்லாம் பெரும்பாலும் இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

பார்வையைப் பறிக்கிற பெரிய பாதிப்பு கண்ணின் மேல்பரப்பில் நடப்பதில்லை. உள்ளே, கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் படலமான விழித்திரையில் நடக்கிறது. பல வருடங்கள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போனால் விழித்திரையின் நுண்ணிய ரத்த நாளங்கள் பலவீனமாகி, அங்கங்கே புடைத்து, கசியத் தொடங்கும். சில அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் பகுதியில் புது நாளங்கள் முளைக்கும். அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். இதுதான் டயபெட்டிக் ரெட்டினோபதி. தொடக்கத்தில் வலியும் இருக்காது, எரிச்சலும் இருக்காது. பார்வைகூடத் தெளிவாகவே இருக்கும்.

இதில் காற்று மாசு எங்கே வருகிறது? காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 என்ற நுண்துகள்களின் விட்டம் 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இவ்வளவு சிறியவை என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன. அங்கே உண்டாகும் அழற்சி ரத்தத்தின் வழியே பரவி, உடல் முழுவதும் ரத்த நாளங்களின் உட்சுவரைப் பாதிக்கிறது. சர்க்கரையால் ஏற்கெனவே நைந்திருக்கும் நாளங்களுக்கு இது கூடுதல் அடி. தைவானிலும் சீனாவிலும் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், மாசு அதிகமான காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு ரெட்டினோபதி கூடுதலாகக் காணப்பட்டது. இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, மாசுதான் காரணம் என்று அறுதியிட்டு நிரூபிக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கையாக இருக்க இது போதும் என்பது என் கருத்து.

ஆகவே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே போனால் கண் பத்திரம் என்று நம்புவது பாதி உண்மைதான். தூசி நேராகக் கண்ணில் விழுவதைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும். விழித்திரைக்குப் போகும் வழி மூச்சு என்பதால், பாதுகாக்க வேண்டியது மூக்கையும் வாயையும்கூட. துணி மாஸ்க் இந்த நுண்துகள்களைச் சரியாக வடிகட்டாது. என்95 மாஸ்க் வடிகட்டும், முகத்தோடு இடைவெளியில்லாமல் படிந்திருந்தால்.

“எனக்குக் கண் எரிவதே இல்லை, அதனால் பிரச்சினை இல்லை” என்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சர்க்கரை நோய் கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதுபோல, கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலம்) நரம்புகளையும் மந்தமாக்கும். கண்ணீர் சுரப்பும் குறையலாம். புகையும் தூசியும் கருவிழியில் கீறல் ஏற்படுத்தினால்கூட அது சரியாக உறைக்காது. புண் ஆறவும் நாளாகும், கிருமித் தொற்றுக்கு வழியும் திறந்துவிடும். எரிச்சல் இல்லாதது நல்ல செய்தியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

மறுபக்கம், எரிகிறது என்றதும் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்வது. சிவப்பைப் போக்கும் சில மருந்துகள் நாளங்களைத் தற்காலிகமாகச் சுருக்கும். தொடர்ந்து போட்டால் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இன்னும் மோசம். டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் உயரும், புரை வளரும், தொற்று இருந்தால் முற்றும். சர்க்கரை நோயாளிகளுக்குப் புரை வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். வறட்சிக்கு, மருந்தைக் கெடாமல் வைக்கும் ரசாயனம் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காத செயற்கைக் கண்ணீர் மருந்து பெரும்பாலும் போதும். கண்ணைக் கசக்கவும் கூடாது.

சரி, காற்று இவ்வளவு கெடுதல் என்றால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடலாமா? அதுவும் சிக்கல்தான். நடைப்பயிற்சியை மாதக்கணக்கில் விட்டால் சர்க்கரை ஏறும், அது விழித்திரைக்கு நேரடிக் கேடு. நடையை நிறுத்த வேண்டாம். அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும். குளிர்காலத்து விடிகாலையில் புகை மேலெழாமல் தரையோடு தேங்கி நிற்பது உண்டு. ‘அதிகாலைக் காற்று சுத்தம்’ என்பது எல்லா நாளும் சரியல்ல. மோசமான நாட்களில் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யலாம். வீட்டுக்குள் சிகரெட், அடுப்புப் புகை, கொசுவர்த்தி இருந்தால் ஜன்னலை மூடுவதில் அர்த்தமில்லை. புகைபிடிப்பவர் அதை விடாமல் வெளிக்காற்றை நொந்துகொள்வதிலும் பயனில்லை.

இன்னொரு பக்கம், எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடுவதும் ஆபத்து. காற்று முழுவதுமாக நம் கையில் இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பெருமளவு நம் கையில் இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வில், டைப் 1 (உடலில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்காத வகை) நோயாளிகள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது புதிதாக ரெட்டினோபதி வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான யுகேபிடிஎஸ் ஆய்வில், டைப் 2 (பெரும்பாலானோருக்கு வரும் வகை) நோயாளிகளுக்கு ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியது ரெட்டினோபதி முற்றுவதை 34 சதவீதம் குறைத்தது. எந்த மாஸ்க்கும் இந்த வேலையைச் செய்யாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எச்பிஏ1சி; பலருக்கு அதன் இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. உங்களுடைய இலக்கை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வை மங்கும்போது “புகையால்தான்” என்று தள்ளிப்போடுவது இதே தவறின் இன்னொரு வடிவம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு, கண் சோதனை முடிந்தது என்று நினைப்பதும் அப்படியே. அங்கே எழுத்துப் பலகையைப் படிப்பது விழித்திரைப் பரிசோதனை அல்ல. சொட்டு மருந்து போட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பதோ, விழித்திரையைப் படம் எடுப்பதோதான் அது. டைப் 2 என்றால் நோய் தெரிந்த உடனேயே, டைப் 1 என்றால் 5 ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை. அப்புறம் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை. பாதிப்பு இருந்தால் டாக்டர் சொல்கிறபடி அடிக்கடி. சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களிலேயே பார்க்க வேண்டும். பாப்பாவை விரித்த பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

கண்முன் திடீரென்று கரும்புள்ளிகளோ நூல்களோ மிதந்தால், மின்னல்போல் ஒளி தெரிந்தால், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால், அல்லது பார்வை சட்டென்று குறைந்தால், அன்றைக்குக் காற்று எப்படி இருந்தாலும் அது புகையின் வேலை என்று எண்ணாமல் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. காலதாமதம் ஆக ஆக, காப்பாற்றக்கூடிய பார்வையின் அளவு குறைந்துகொண்டே போகும்.