பழைய ஃபிளாட்டுக்குக் குடிபோகுமுன் மேலே பாருங்கள்

சென்னையில் மயிலாப்பூர், மாம்பலம், அசோக் நகர் பக்கம் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய ஃபிளாட் வாடகைக்குத் தேடுகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். விசாலமான அறைகள், ஒன்பது அங்குலச் சுவர், நல்ல காற்றோட்டம், குறைந்த மெயின்டனன்ஸ் எல்லாம் நிஜமான லாபங்கள்தான். அவற்றைப் பார்த்ததும் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீர், பார்க்கிங் பற்றி யாரும் சொல்லாமலே கேட்பார்கள், அவற்றை விட்டுவிடுவோம்.

புதுப் பெயின்ட்டை நம்புவது

பணத்தையும் நிம்மதியையும் அதிகம் தின்பது மேல்வீட்டுப் பாத்ரூம் ஒழுகல். இந்தக் கட்டடங்கள் பலவற்றில் பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கி, குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டு போட்டு மூடியிருப்பார்கள். குழாய் இணைப்பு விட்டாலோ டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் கரைந்தாலோ தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தேங்கி கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, பூச்சைத் தள்ளும். கீழ்வீட்டில் முதலில் ஈரத்திட்டு, பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும், கடைசியில் சிமென்ட் பாளம் பாளமாக விழும்.

வீடு காட்டுவதற்கு முந்தின வாரம் ஒரு கோட்டிங் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும். கண்டுபிடிப்பது ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் ஏமாறுகிறார்களே என்றுதான் ஆத்திரம் வருகிறது. துடைப்பக் கட்டையால் பாத்ரூம், கிச்சன் சீலிங்கைத் தட்டுங்கள். வெறுமையாகச் சத்தம் வந்தால் பூச்சு விட்டுவிட்டது. நேர்கோடாகப் பழுப்புக் கறை தெரிந்தால் அது துருப்பிடித்த கம்பி. பிவிசி ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள். மேல்வீட்டில் குளிக்கும் காலை நேரத்தில் இரண்டாம் முறை போய்ப் பாருங்கள். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரையும் லாஃப்டின் பின்புறத்தையும் தொட்டுப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், ரிப்பேர் நடக்க வேண்டியது மேல்வீட்டில். டைல்ஸை உடைத்து, குழாய் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். மேல்வீட்டு ஓனர் வெளிநாட்டில் இருப்பார். அங்கே குடியிருப்பவர் உடைக்க விடமாட்டார். உங்கள் ஓனர் கீழே பூசிவிட்டுப் போவார். அடுத்த மழைக்குள் அது மறுபடி விழும். ஆகவே அக்ரிமென்டில் எழுதி வாங்குங்கள்: ஒழுகலைத் தெரிவித்த 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நோட்டீஸ் காலம் இல்லாமல் காலி செய்யலாம், அட்வான்ஸில் பிடித்தம் கூடாது. சாவி வாங்கும் அன்றே சீலிங்கைப் படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஏசியைப் பழைய வயரில் மாட்டுவது

ஒன்றரை டன் ஏசிக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 20 ஆம்பியர் பிரேக்கரும் வேண்டும். லைட் லைனில் இழுத்தால் வயர் சூடாகி உருகக்கூடும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்ட அட்டவணைப்படி வயரிங், குழாய் மாற்றுவது ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட் உங்கள் பொறுப்பு.

சப்-மீட்டர்

தனி ஈபி இணைப்பு கேளுங்கள். ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்த சப்-மீட்டர் என்றால் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

லிஃப்ட் இல்லை

வாடகையைப் பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடிக்கப் போகிறார்களா என்று கேட்காதது

பழைய வளாகங்கள் பலவற்றில் இடித்துக் கட்ட பில்டரோடு பேச்சு நடக்கிறது. புரோக்கர் சொல்லமாட்டார், வாட்ச்மேனையும் அசோசியேஷன் செக்ரட்டரியையும் கேளுங்கள். ஓனர்களிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருந்தால் பதினொரு மாத அக்ரிமென்ட் புதுப்பிக்கப்படும் என்று நம்பி மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் என்று செலவு செய்யாதீர்கள்.