குளிர் விடாத ஏப்ரலில் இருவர் சேர்ந்து ட்ரவுட் பிடிக்க

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் ஓடும் பீவர்கில், வில்லோவீமக் ஆறுகளில் ஏப்ரல் தொடக்கத்தில் தண்ணீர் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். அந்தக் குளிரில் ட்ரவுட் மீன் சோம்பேறி. ஒரு வாய் இரைக்காக இரண்டு அடி நகரவே யோசிக்கும். ஆகவே ஈயை (பூச்சி போலத் தோன்றும்படி முள்ளில் கட்டிய செயற்கை இரையை) அதன் மூக்குக்கு நேரே, தரையை ஒட்டி, தண்ணீரின் வேகத்திலேயே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

விடியலில் போய் நிற்பது வீண். பதினோரு மணிக்குப் போனால் போதும். தெர்மாமீட்டரை ஒரு நிமிடம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். 7 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி. நல்ல வெயிலடிக்கும் நாளிலும் மேலே பனி உருகினால் பிற்பகலில் தண்ணீர் மறுபடி குளிர்ந்துவிடும்.

ஒன்பதடிக் கோல், 5ஆம் எண் மிதக்கும் நூல், அதன் முனையில் ஒன்பதடி 4எக்ஸ் லீடர் என்னும் மெல்லிய இழை (எக்ஸ் எண் கூடினால் இழை மெலியும்). அதன் நுனியில் டங்ஸ்டன் மணி வைத்த 12ஆம் எண் ஹேர்ஸ் இயர் நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போன்ற ஈ. அந்த முள்ளின் வளைவில் 40 செ.மீ. 5எக்ஸ் டிப்பெட்டை (இன்னும் மெல்லிய இழையை) கிளிஞ்ச் முடிச்சால் கட்டி, மறுமுனையில் 16ஆம் எண் ஃபெசன்ட் டெயில் என்னும் சிறிய நிம்ஃப். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த முடிச்சு சூட்டில் வலுவிழக்கும். மீன் கடிப்பதைக் காட்டும் தக்கையை, ஈயிலிருந்து நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் வையுங்கள். எடை போதாவிட்டால் மேல் ஈக்கு ஒரு சாண் மேலே சிறு குண்டு ஒன்று. இங்கே சின்ன ஈயக்குண்டு விற்பனைக்குத் தடை இருப்பதால் வெள்ளீயக் குண்டுதான் கடையில் கிடைக்கும்.

பலர் தோற்பது எடையில்தான். ஐந்தாறு முறை விட்டும் ஈ ஒருமுறைகூடத் தரையைத் தட்டவில்லையென்றால் குண்டு சேருங்கள். ஒவ்வொரு முறையும் கல்லில் மாட்டினால் ஒன்றைக் கழற்றுங்கள். ஈயை மாற்றுவது அதற்குப் பிறகுதான். வீசியவுடன், நடு ஓட்டம் நூலை வளைத்து இழுக்கும் முன், கோல் நுனியால் நூலைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் மாற்றிப் போடுங்கள். மேலே மிதக்கும் நுரையைவிடத் தக்கை வேகமாகப் போனால் கீழே ஈ இழுபடுகிறது என்று பொருள். குளிர்நீரில் மீன் கவ்விப் பிடுங்காது. தக்கை சற்றே தயங்கும், அவ்வளவுதான். தயங்கிய கணமே கோலை உயர்த்துங்கள்.

இருவர் இருப்பதன் பலன் இங்கேதான். ஒருவர் வீச, மற்றவர் கரையில் சற்று உயரத்தில் நின்று தக்கையையும் மீனின் நிழலையும் பார்த்துச் சொல்லட்டும். இருபது வீச்சுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள், விரல்களும் சூடேறும். பார்ப்பவர் வீசுபவரின் பின்னால் நிற்கவே கூடாது, கண்ணாடியும் கழற்றக் கூடாது. ஆற்றைக் கடக்கும்போது கை கோத்து, பலசாலி மேல்நீர்ப் பக்கம். வேடர் (wader) எனப்படும், நீர் புகாத முழுக்கால் உடையின் இடுப்புப் பெல்ட் இறுக்கமாக இருக்கட்டும், தவறி விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதை அது தாமதப்படுத்தும். அதற்குள் அணிய பருத்தி வேண்டாம், கம்பளிதான். காரில் ஒரு மாற்றுடை.

காற்று உறைநிலைக்குக் கீழே போனால் கோலின் வளையங்களில் பனிக்கட்டி கட்டும். விரலால் உடைத்தால் நுனியே ஒடிந்துபோகலாம். கோலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால் தானாகக் கரையும். அத்தகைய நாளில் மீனையும் வெளியே தூக்காதீர்கள், செவுள் உறைந்துவிடும். முள் நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு கூரை முன்பே நசுக்கி வைத்து, ரப்பர் வலையில் நீருக்குள்ளேயே கழற்றி விடுங்கள்.

ஏப்ரல் பிற்பாதியில், தண்ணீர் 10 டிகிரியைத் தொடும் பிற்பகல்களில், இரண்டு மணிவாக்கில் ஹென்ட்ரிக்சன் என்னும் ஆற்றுப் பூச்சிகள் மேலே வரத் தொடங்கும். தக்கையைக் கழற்றி நீர்மேல் மிதக்கும் 14ஆம் எண் உலர் ஈயைக் கட்ட அதுதான் நேரம்.