ஜிலேபி மீன், பனையேறி மீன் ஆய்றது எப்படி? தோல் உரிக்கிறதும் சேத்து

மழை புடிச்சிருச்சுன்னா எங்க பர்மா யாங்கோன்ல ஜேக்குப் போனா, மார்க்கெட்ட இங்க ஜேன்னுதான் சொல்லுவோம், தட்டு தட்டா கையகல ஜிலேபி கெண்டையும் துள்ளிக்கிட்டு கெடக்குற பனையேறியும்தான் கண்ணுல படும். அரை வீசை, அதாவது கிட்டத்தட்ட 800 கிராம் வாங்குனா 5, 6 மீன் நிக்கும். கடக்காரம்மாவே ஆஞ்சு குடுப்பாங்க, ஆனா இவ்ளோ சின்ன மீனுக்கு அவங்க மெனக்கெட மாட்டாங்க, குடல உருவிட்டு வால்கிட்ட பாதி செதில அப்படியே விட்டு தள்ளிடுவாங்க. நாமளே பழகிக்கிறது நல்லது.

கத்திய எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணுங்க, பொரிக்கவா கொழம்புக்கா? பொரிக்கணும்னா செதில் மட்டும் எடுத்தா போதும், தோல் இருந்தாத்தான் சட்டியில மீன் ஒடையாது, மொறுமொறுப்பும் அதுலதான். கொழம்புக்கு, அதுவும் சேத்துக் கொளத்து மீன்னா, நான் தோல உரிச்சிடுவேன். அந்தச் சேத்து வாடைக்கு ஜியோஸ்மின்னு பேரு, தண்ணியில இருக்குற ஒருவகை பாக்டீரியாவும் பாசியும் உண்டாக்குறது, மீன் உடம்புல போயி தோலுக்கு அடியிலயும் பக்கவாட்டுல ஓடுற சிவப்புச் சதையிலயும் தங்கிக்கும். புளிப்பு பட்டா அது அடங்கும், எங்க பெரியம்மா புளித்தண்ணி ஊத்தி அலசுனதுக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது.

வேண்டியது: சின்னக் கத்தி, ஸ்பூன், கல்லுப்பு, கொஞ்சம் அடுப்புச் சாம்பல், பழைய துணி, ஒரு பிளையர். பிளையர் கிச்சனுக்குன்னு தனியா வெச்சுக்கோங்க, சைக்கிள் கழட்டுனத கொண்டாராதீங்க.

மொத வேல, மீன அடக்குறது. ஜிலேபி பெரும்பாலும் செத்துதான் வரும். பனையேறி அப்படி இல்ல, பர்மியர் ஙாப்யேமான்னு சொல்லுவாங்க, செவுளுக்கு மேல காத்த இழுக்குற உறுப்பு இருக்குறதால தண்ணி இல்லாமலே மணிக்கணக்கா கெடக்கும். 1797ல ஒரு டேனிஷ் லெப்டினென்ட் நம்ம தரங்கம்பாடியில இது பனமரத்துல ஏறுனத பாத்தேன்னு எழுதி வெச்சிருக்காரு, மரம் ஏறுச்சோ என்னவோ, எங்க வீட்டுல பேசின்லேந்து குதிச்சு தண்ணி டிரம்முக்குப் பின்னாடி போயிருச்சு, தொடப்பக்கட்டைய விட்டு எடுத்தேன். அதனால தலையில கத்திப் பிடியால நறுக்குன்னு ஒரு தட்டு தட்டிட்டு ஆரம்பிங்க. இதோட செவுள் மூடி ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், வெறுங்கையால தலையப் புடிக்கவே கூடாது, துணிய சுத்திப் புடிங்க. ஜிலேபிக்கு ஆபத்து முதுகு முள்ளுல, குத்துனா சோப்புப் போட்டு நல்லா கழுவிடுங்க, அலட்சியமா விட்டா வீங்கும்.

அடுத்தது வழவழப்பு. உப்பும் சாம்பலும் சேத்து தேச்சு ஒருக்கா அலசுனா கைக்குள்ள நிக்கும்.

பொரிக்கிற மீனுக்கு வாலப் புடிச்சுக்கிட்டு ஸ்பூன் விளிம்பால வால்லேந்து தலைப்பக்கமா சுரண்டுங்க. ஒரு பேசின்ல தண்ணி புடிச்சு அதுக்குள்ள வெச்சு சுரண்டுனா செதில் தெறிக்காது. துடுப்பு அடியும் வயித்துப் பக்கமும்தான் எல்லாரும் விட்டுடுற எடம்.

தோல் உரிக்கப் போறீங்கன்னா செதில் எடுக்குற வேலையே கெடையாது, தோலோட போயிரும். முதுகுத் துடுப்புக்கு ரெண்டு பக்கமும் தலைலேந்து வால் வரைக்கும் லேசா கீறுங்க, ஆழம் விரல் நகத்துல பாதி அளவு போதும். இப்ப துடுப்போட வால்பக்க நுனிய பிளையரால புடிச்சு தலையப் பாத்து இழுத்தா, முள்ளு அதோட வேர் முள்ளையும் சேத்துக்கிட்டு சரசரன்னு கழண்டு வரும், பாக்கவே திருப்தியா இருக்கும். அடித்துடுப்புக்கும் இதே மாதிரி. அப்புறம் செவுளுக்குப் பின்னாடி தோல மட்டும் சுத்திக் கீறி, முதுகு மூலையில கத்தி நுனியால கெளப்பி விட்டு, அந்த மூலைய பிளையர்ல புடிச்சு வாலப் பாத்து இழுங்க. வெடுக்குனு இழுத்தா சதையோட பிஞ்சு வரும், ஒரே சீரா, மீனோட ஒட்டுனாப்புல மடக்கி இழுக்கணும். மொத ரெண்டு மீன் நாசமாத்தான் போகும், அத கொழம்புல போட்டா யாருக்கும் தெரியாது.

வயித்தக் கீறும்போது கத்தி நுனி உள்ள எறங்காம மேலாக்க போகணும். ஈரலுக்குப் பக்கத்துல பச்சையா ஒரு சின்னப் பை தெரியும், அதான் பித்தப்பை, ஒடைஞ்சா கசப்பு. நான் மொத தடவ ஒடைச்சுட்டு சரி ஒண்ணும் ஆகாதுன்னு கழுவாம கொழம்பு வெச்சேன், வீட்டுல யாருமே ரெண்டாவது வாய் எடுக்கல. ஒடைஞ்சா ஒடனே அந்த எடத்த வெட்டி எறிஞ்சுட்டு அலசிடுங்க. சினை இருந்தா தனியா எடுத்து வைங்க. செவுளப் பிச்சு எடுத்துட்டு, ஜிலேபி வயித்துக்குள்ள ஒட்டியிருக்குற கருப்புச் சவ்வ உப்பத் தொட்டு தேச்சு எடுங்க, முதுகெலும்பு ஓரம் ஒறைஞ்ச ரத்தத்த நகத்தால சுரண்டுங்க. இத விட்டா எவ்ளோ மசாலா போட்டாலும் வாடை போகாது.

கடைசியா புளித்தண்ணியில ஒரு அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து, நல்ல தண்ணியில அலசி, உப்பும் மஞ்சளும் தடவிடுங்க. இங்க கரண்ட் எப்ப போகும்னே தெரியாது, பிரிட்ஜ நம்பி ஆயாம வெக்காதீங்க, வாங்குன அன்னிக்கே ஆஞ்சு அன்னிக்கே சட்டியில போடுங்க. கழிச்சத பேப்பர்ல சுத்தி குப்ப எடுக்குற நேரத்துக்குத்தான் வெளிய வைங்க, ராத்திரியே வெச்சா தெரு நாய் எல்லாம் நம்ம வாசல்லதான்.