பிறர் பதிந்த ஓசையை உங்கள் பாட்டில் சேர்த்து வெளியிடுவது எப்படி?

கோவை மாவட்டத்துச் சோமனூர்ப் பக்கம் ராத்திரி தெருவில் நின்றால் விசைத்தறிச் சத்தம் தாளமாகவே காதில் விழும். அதைக் கேட்டு வளர்ந்த நான் முதலில் செய்த பாட்டும் அதன் மேல்தான். தறி ஓசையை நானே போனில் பதிந்தேன். ஓட்டு மேல் விழும் மழைச் சத்தத்தை மட்டும் இணையத்தில் எடுத்தேன். வெளியிடப் போகும் நாளில், "இதிலுள்ள எல்லா ஒலிகளுக்கும் உங்களிடம் உரிமை இருக்கிறதா?" என்று, பாட்டை ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் படிவம் கேட்டது. மழையை எங்கே எடுத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. கோப்பின் பெயர் 'மழை2'. அவ்வளவுதான் கையில் இருந்த விவரம். மழையை நீக்கி, மறுபடி மிக்ஸ் செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த மூன்று வாரம் வீணாகக் கூடாது.

படி 1: எடுக்கும் இடம்

தொடங்குவதற்கு, பலரும் பதிந்த ஒலிகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் போதும். பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழு 2005இல் தொடங்கிய தளம் அது. கணக்கு தொடங்கக் காசு கிடையாது. உள்நுழைந்து அசல் கோப்பையே இறக்குங்கள். பக்கத்தில் ஒலிப்பது தரம் குறைத்த முன்னோட்டம்தான். விக்கிப்பீடியாவின் படங்களும் ஒலிகளும் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸிலும் தேடலாம். யூடியூபில் 'காப்பிரைட் இல்லை' என்று தலைப்புப் போட்ட வீடியோவிலிருந்து ஒலியை உருவி எடுக்காதீர்கள். அப்படி எழுதியவருக்கே அந்த ஒலியில் உரிமை இருக்கிறதா என்பது தெரியாது.

படி 2: உரிமத்தைப் படிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக சிசி) உரிமங்கள், தன் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவர் முன்கூட்டியே சொல்லிவிடும் அனுமதிகள்; 2002இல் வந்தவை. எல்லாம் ஒன்றல்ல.

சிசி0 என்றால் பதிந்தவர் தன் உரிமையைச் சட்டம் விடும் அளவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். பெயர் போடக் கட்டாயமில்லை; விற்கலாம், மாற்றலாம். முதல் பாட்டுக்கு இதை மட்டும் தேடி எடுங்கள்.

சிசி பிஒய் என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால் விற்பதற்கும் தடையில்லை.

பிஒய்-என்சி என்றால் வணிகப் பயன் கூடாது. பலர் சறுக்குவது இதில்தான். "நான் என்ன சம்பாதிக்கவா போகிறேன்" என்று தோன்றும். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் வரும் சில்லறைக் காசும் காசுதான், வீடியோவில் ஓடும் விளம்பரமும் வருமானம்தான். ஒலி அவ்வளவு பிடித்திருந்தால் பதிந்தவருக்கே எழுதி அனுமதி கேளுங்கள். அவர் உங்களுக்கென்று தனியாக அனுமதி தரலாம். அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பிஒய்-எஸ்ஏ ஒலியைச் சேர்த்துப் பாட்டு செய்தால், அந்தப் பாட்டையும் அதே உரிமத்தில் விட வேண்டும். அதாவது உங்கள் பாட்டை வேறு யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம். தெரிந்து சம்மதித்தால் நல்லதுதான். ஆனால் எஸ்ஏ ஒலியையும் என்சி ஒலியையும் ஒரே பாட்டில் கலக்க முடியாது. ஒன்று விற்பனைக்கு அனுமதி கொடுக்கச் சொல்கிறது, மற்றது தடுக்கிறது. என்டி என்று முடியும் உரிமத்தைத் தொடவே வேண்டாம். மாற்றியதை வெளியிட அதில் அனுமதி இல்லை.

படி 3: எழுதி வைப்பது

இறக்கிய அதே நிமிடத்தில் ஒரு தாளிலோ எக்செல்லிலோ ஐந்து விவரம் எழுதுங்கள்: ஒலியின் பெயர், பதிவேற்றியவரின் பெயர், பக்கத்தின் முகவரி, உரிமமும் அதன் பதிப்பும், இறக்கிய தேதி. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள். பதிந்தவர் நாளைக்கே பக்கத்தை நீக்கினாலும், அவர் ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்த உரிமம் போகாது. ஆனால் கொடுத்தார் என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

படி 4: பெயர் போடுவது

இப்படி எழுதலாம்: "மழை ஓசை: (ஒலியின் பெயர்), பதிவு: (பதிவேற்றியவர் பெயர்), ஃப்ரீசவுண்ட், சிசி பிஒய் 4.0, வேகம் குறைத்துப் பயன்படுத்தப்பட்டது." மாற்றியிருந்தால் அதையும் சொல்வது உரிமத்தின் நிபந்தனை. ஒலிப் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்புக் கொடுங்கள்.

ஸ்ட்ரீமிங் செயலியில் இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்பீர்கள். ஊடகத்துக்குப் பொருத்தமான முறையில் குறிப்பிட்டால் போதும் என்கிறது உரிமம். உங்கள் பிளாகில் பாட்டுக்கென்று ஒரு பக்கம் திறந்து முழுப் பட்டியலையும் போடுங்கள். விவரிப்புப் பகுதி இருக்கிற இடங்களில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். பெயர் விட்டுப்போனது தெரிந்தால் உடனே சேருங்கள். 4.0 பதிப்பில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகவே திரும்பக் கிடைக்கும்.

படி 5: வெளியிடும்போது

விநியோகப் படிவத்தில் 'கன்டென்ட் ஐடி' என்று ஒரு தேர்வு வரும். உங்கள் ஒலி யாருடைய வீடியோவில் இருந்தாலும் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு அது. திறந்த உரிம ஒலி பாட்டில் இருந்தால் அதை டிக் செய்யாதீர்கள். அந்த ஏற்பாடு முழுக்கத் தனியுரிமை உள்ள ஒலிகளுக்கானது. நீங்கள் எடுத்த மழையை இன்னும் நூறு பேர் எடுத்திருக்கலாம். உங்கள் பாட்டை அதில் சேர்த்துவிட்டால் அவர்கள் வீடியோக்கள் மேல் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் விழும். மழையை இலவசமாகக் கொடுத்த மனிதரின் வீடியோ மேலேயே விழலாம். அதைவிட ஒரு நன்றிகெட்ட செயல் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் ஓசைகள்

ஃப்ரீசவுண்டில் தேடித் தேடி அலுத்த பிறகு ஒன்று புரிந்தது. பவானி ஜமக்காளத் தறியும், பெருஞ்சலங்கை ஆட்டத்தின் சத்தமும், ஜமாப் மேள அடியும் வேண்டுமென்றால் நாம்தான் பதிய வேண்டும். தறியின் சத்தம் யாருக்கும் சொந்தமல்ல, பதிவு உங்களுடையது. தறி ஓடும் குடோன்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பதியுங்கள்.

உடுக்கையடித்து, கொங்கு நாட்டுப்புறக் கதையான அண்ணன்மார் கதையைப் பாடுகிறவரைப் பதிவதென்றால் விஷயமே வேறு. கதை ஊருக்குப் பொது. ஆனால் பாடுகிறவருக்கு இந்தியச் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. "ஏனுங்க, இதை உலகத்துல யார் வேணும்னாலும் எடுத்துப் பாட்டுல போட்டுக்கலாம், காசுக்கும் விக்கலாம், உங்களுக்குச் சம்மதமுங்களா?" என்று அவருக்குப் புரியும்படி கேளுங்கள். சரி என்றால் எழுதி வாங்கி, பேசியபடி பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் பெயரோடு பதிவேற்றுங்கள். வேண்டாம் என்றால் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

என் தறி ஓசையைச் சிசி0இல் ஏற்றிவிட்டேன். குறிப்பில் ஊர், பதிந்த நேரம், எத்தனை தறி ஓடியது எல்லாம் எழுதியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.